செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் கூட்டுக் குடும்பம் எப்போது உடைந்தது?

கேள்வியை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னையில் வளர்ந்த ஒரு பெண் கேட்டிருக்கிறார். அவருடைய அப்பத்தா வீடு காரைக்குடிப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறது. "வளவைச் (நடு முற்றத்தைச்) சுற்றி எட்டு அறைகள், எட்டிலும் பூட்டு. ஒரு காலத்தில் அறுபது பேர் ஒன்றாக உண்டு உறங்கிய வீடு என்கிறார்கள். அந்தக் கூட்டுக் குடும்பம் எப்போது உடைந்தது, எதனால் உடைந்தது?"

அறுபது பேர் இருந்திருப்பார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அறுபது பேருக்கும் ஒரே உலையில் சோறு வெந்தது என்று நினைத்தால், நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரியில்லை. அங்கே அடுப்பு பிரிந்து பல தலைமுறை ஆகிவிட்டது. வீடு கட்டும்போதே அதைக் கணக்கில் வைத்துத்தான் கட்டினார்கள். பிரியாமல் இருந்தவை வீடும் கோயிலும் விலாசமும் (குடும்பத்தின் பெயரெழுத்துகள்)தான். இதைப் பிடித்துக்கொண்டால்தான் பிறகு நடந்தது விளங்கும்.

நகரத்தார் வழக்கத்தில் ஒரு மகனுக்குக் கல்யாணமாகிச் சில காலத்தில் அவனையும் மருமகளையும் 'வேறு வைப்பார்கள்'. சண்டை போட்டுப் பிரிவது இல்லை இது. பெற்றவர்களே நல்ல நாள் பார்த்துச் செய்வது. வளவை ஒட்டி ஓர் அறை கொடுப்பார்கள். வருஷத்துக்கு இவ்வளவு நெல், இவ்வளவு பருப்பு என்று அளந்து கொடுப்பார்கள். மருமகள் தன் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த பாத்திரங்களில் தனியாகச் சமைக்கத் தொடங்குவாள். கணவனை இழந்த தாய்கூட அதே வீட்டில் தனக்கென்று தனியாகப் பொங்கிக்கொள்வது வெகு சாதாரணம். விருந்து, விசேஷம் என்றால் மட்டும் எல்லாருக்கும் பொதுச் சமையல்.

உங்கள் அப்பத்தா வீட்டுக்கு அடுத்த முறை போகும்போது பின்கட்டு வரை நடந்து பாருங்கள். முகப்பில் ஆண்கள் உட்கார்ந்து கணக்கு பார்த்த இடம். அதைத் தாண்டினால் வானம் தெரிகிற வளவு. நான்கு பக்கமும் தாழ்வாரம், அதை ஒட்டி வரிசையாக அறைகள். பல அறைகளில் உள்ளுக்குள் இன்னோர் அறை இருக்கும். ஜன்னல் இருக்காது, கதவு மட்டும் கனமாக இருக்கும். அந்த அறையில் யாரும் நாள் முழுக்கக் குடியிருக்கவில்லை. அது பொருள் வைக்கிற இடம், சாமி கும்பிடுகிற இடம், புதுமணத் தம்பதிக்கான இடம். படுத்து எழுவதெல்லாம் தாழ்வாரத்திலும் மேல்மாடியிலும்தான். இன்னும் பின்னால் போனால் அடுப்படி. சுவர் ஓரமாக ஒன்றுக்குப் பல அடுப்பு. ஒவ்வோர் அடுப்புக்கும் பக்கத்தில் தனியாக விறகு, தனியாக மாடம், அதில் தனியாக உப்பு, புளி, மிளகாய். ஒரே புகையில் நின்றுகொண்டு மாமியாரும் மூன்று மருமகள்களும் நான்கு குழம்பு வைப்பார்கள். பிறகு கிண்ணத்தில் குழம்பு கை மாறும். அது அன்பு. ஆனால் அரிசி யாருடையது என்பதில் குழப்பமே இருக்காது.

ஏன் இப்படி ஓர் ஏற்பாடு? வட்டித் தொழில் செய்த சமூகம் அது. ஒவ்வொரு தம்பதியும் ஒரு கணக்கு. கோயிலும் அப்படித்தான் எண்ணியது. கல்யாணமான ஓர் ஆணை ஒரு 'புள்ளி' என்று வைத்து, ஊர்க் கோயிலும் குலக் கோயிலும் புள்ளிக்கு இவ்வளவு என்று வரி வாங்கின. இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி ஆகிய ஒன்பது கோயில்களில் ஏதாவது ஒன்றைச் சேராத நகரத்தார் கிடையாது. திருமணத்தன்று அந்தக் கோயிலிலிருந்து மாலை வரும். அன்றிலிருந்து அந்தத் தம்பதி கோயில் கணக்கில் ஏறும். ஆக, இருபது வயதுப் பையன் அப்பாவின் வீட்டிலேயே இருந்தாலும், ஊர்ப் பார்வையில் அவன் தனிக் குடும்பம்.

பெண்ணுக்கும் தனிக் கணக்கு உண்டு. கல்யாணத்தில் கொடுத்த ரொக்கத்தை வட்டிக் கடையில் அவள் பெயரில் வரவு வைத்து வட்டி ஏற்றினார்கள். அதற்கு ஆச்சிமார் பணம் என்று பெயர் (ஆச்சி என்றால் இங்கே கல்யாணமான பெண்). நகையும் சாமானும் அவள் அறையில், சாவி அவள் இடுப்பில். சொத்துரிமைச் சட்டங்கள் வருவதற்கு வெகு முன்பே, நடைமுறையில் ஓர் ஆச்சியின் கையில் அவளுடைய பணம் இருந்தது. நிலத்திலும் வீட்டிலும் பங்கு இல்லைதான். அந்தக் குறையை மறைக்கக் கூடாது. இருந்தாலும் வேறு பல இடங்களில் மருமகளுக்கு இருந்த நிலையைவிட இது மேல் என்றே நினைக்கிறேன். மாமியாரிடம் உழக்கு அரிசிக்குக் கையேந்த வேண்டியதில்லை என்பது சின்ன விஷயமில்லை.

அப்புறம், அந்த அறுபது பேரில் வயது வந்த ஆண்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? கொண்டுவிற்க (வெளியூர்த் தொழிலுக்கு) போனவர்கள் ரங்கூன், கொழும்பு, பினாங்கு, சைகோன், மேடான் என்று கடல் கடந்து இருந்தார்கள். கடைக்கு ஆள் போவது மூன்று வருடக் கணக்கு. சின்னப் பையனாகப் பெட்டியடியில் (கடையின் பணப்பெட்டி அருகில்) உட்கார்ந்து, அடுத்தாளாகி, மேலாளாகி, கெட்டிக்காரனாக இருந்தால் சொந்தமாகக் கடை வைப்பான். மனைவியை அழைத்துப் போகும் வழக்கம் நெடுங்காலம் இல்லை. மூன்று வருடம் முடித்து வந்து, சில மாதம் இருந்து, குழந்தை பிறக்கும் முன்பே மறுபடி கப்பல் ஏறியவர்கள் எத்தனையோ பேர். அப்பச்சியை (அப்பாவை) முதன்முதலில் இரண்டு வயதில் பார்த்த பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருந்தார்கள்.

எனவே அந்தப் பெரிய வீடு என்பது பெரும்பாலான நாட்களில் பெண்களும் பிள்ளைகளும் வயதான ஐயாக்களும் (தாத்தாக்களும்) இருந்த வீடு. கல்யாணப் பேச்சு, கோயில் வரி, வயல் குத்தகை, சமையல்காரர் சம்பளம், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் ஆச்சிமார் பார்த்தார்கள். கணவனில்லாத வருஷங்களைப் பக்கத்து அடுப்பில் நின்ற கணவனின் அண்ணன் மனைவியோடும் கொழுந்தன் பெண்டாட்டியோடும் கழித்தார்கள். ஆள் துணைக்குச் சேர்ந்தே இருக்க வேண்டியிருந்தது. செலவில் உரசல் வராமலிருக்கத் தனித்தனியாகப் பொங்கினார்கள். இரண்டு தேவையையும் ஒரே கூரை தீர்த்தது. இதைத்தான் நாம் இன்று பொதுவாகக் கூட்டுக் குடும்பம் என்று சொல்லிவிடுகிறோம்.

பிள்ளை கூட்டுவதையும் இங்கே சொல்ல வேண்டும். ஆண் பிள்ளை இல்லாத வீட்டில் விலாசம் அறுந்துவிடும், புள்ளி நின்றுவிடும் என்பதால் சுவீகாரம் மிகவும் சகஜமாக இருந்தது. பெரும்பாலும் அதே கோயிலைச் சேர்ந்த பங்காளி வீட்டிலிருந்து பையனை எடுப்பார்கள். கணவனை இழந்த ஆச்சியும் பிள்ளை கூட்டலாம். வளர்ந்த பையனை, சில நேரம் கல்யாண வயதில் இருப்பவனைக்கூட எடுத்தார்கள். 1927இல் சிறுகூடல்பட்டியில் பிறந்த கவிஞர் கண்ணதாசன் சிறு வயதில் அப்படிச் சுவீகாரம் போனவர்தான். ஒரு தாய்க்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்பதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பிள்ளை விட்ட வீட்டார் அவனை அதற்குப் பிறகு விசேஷங்களில் விருந்தாளியாகத்தான் பார்த்தார்கள். 1956இல் வந்த சுவீகாரச் சட்டம், எடுக்கப்படும் பிள்ளை 15 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது, கல்யாணமாகியிருக்கக் கூடாது என்றது. வழக்கம் வேறாக இருந்தால் அதற்கு விலக்கும் தந்தது. அதே சட்டம் பெண் குழந்தையையும் எடுக்க வழி செய்தது. இன்று ஒற்றைப் பெண்ணோடு நிறுத்திக்கொண்ட பெற்றோர் விலாசத்துக்காகப் பிள்ளை தேடுவது மிகவும் குறைந்துவிட்டது. இந்த மாற்றத்தை நான் முழு மனதோடு வரவேற்கிறேன்.

சரி, எப்போது மாறியது? 1930களில் ஆட்டம் கண்டது. உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை விழுந்தது, பர்மா விவசாயிகளால் கடனைத் திருப்ப முடியவில்லை, ஈடாக வைத்த நிலமெல்லாம் செட்டியார்கள் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம் 1938 வாக்கில் 25 சதவீதமானது. கேட்க லாபம் போலத் தெரியும். கடன் கொடுத்தவனுக்குக் கையில் வேண்டியது பணம், சேற்று நிலம் இல்லை. அந்த ஊர் மக்களின் கோபமும் கூடவே வந்தது, அதில் நியாயமும் இருந்தது. 1942இல் ஜப்பான் படை நுழைந்ததும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவர வேண்டியதாயிற்று. 1948இல் சுதந்திர பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் போட்டது. 1962க்குப் பிறகு ராணுவ ஆட்சி மிச்சமிருந்ததையும் எடுத்துக்கொண்டது.

பெரிய வீடுகள் கட்டுவது ஏறக்குறைய அந்த 1940களோடு நின்றுபோனதைப் பார்க்கலாம். காரைக்குடியின் ஆயிரம் ஜன்னல் வீடு 1941இல் கட்டியது. அதோடு ஒரு காலம் முடிந்தது என்றே சொல்லலாம்.

ஊர் திரும்பிய ஆண்களுக்கு ஊரில் வேலை இல்லை. சென்னை, கோவை, மதுரை என்று தொழில் தேடிப் போனார்கள். ஏ.வி.எம். ஸ்டுடியோவே 1940களில் காரைக்குடியில் கொஞ்ச காலம் நடந்துவிட்டு, பிறகு சென்னைக்குப் போனதுதான். இந்த முறை மனைவியும் கூடவே போனாள். என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் இதுதான். ரங்கூனுக்குப் போன ஐயா ஆச்சியை வளவில் விட்டுவிட்டுப் போனார், அதனால் வீடு நிரம்பி இருந்தது. மயிலாப்பூருக்குப் போன அவர் மகன் குடும்பத்தோடு போனார், அதனால் வீடு காலியானது. தனி அடுப்பு ஏற்கெனவே இருந்ததால் அதைத் தூக்கிக்கொண்டு போவது எளிதாகவும் இருந்தது. மற்ற ஊர்களில் தனிக்குடித்தனம் போவது பெரிய மனஸ்தாபமாக முடிந்த காலத்தில், இங்கே அது ஓசையில்லாமல் நடந்ததற்கு அந்தப் பழக்கம் ஒரு காரணம். ஆகவே யார் உடைத்தார்கள் என்ற கேள்விக்கு ஒரு மருமகளையோ ஒரு தம்பியையோ சுட்டிக்காட்டத் தேவையில்லை. வீட்டில் யாராவது அப்படிப் பழி சொன்னால் நம்ப வேண்டாம்.

படிப்பும் சேர்ந்துகொண்டது. அழகப்பச் செட்டியார் 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். உள்ளூரிலேயே பட்டம் வாங்க வழி பிறந்தது. பட்டம் வாங்கிய பையனைப் பெட்டியடியில் உட்காரச் சொல்ல முடியாது. வங்கி, அரசு வேலை, மருத்துவம், பிறகு கணினி என்று போனார்கள். அடுத்து பெண் பிள்ளைகள் படித்தார்கள். இன்று கணவன் மனைவி இருவரும் பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ டல்லஸிலோ வேலைக்குப் போகிற குடும்பங்கள்தான் நிறைய.

இதில் இன்னொன்றும் மெல்ல மாறியிருக்கிறது. முன்பு பேறுகாலத்துக்கு மகள் தாய் வீட்டுக்கு வருவாள். இப்போது ஆயா (அம்மாவின் அம்மா) விமானம் ஏறி மகள் வீட்டுக்குப் போகிறார். ஆறு மாதம் மகள் வீடு, ஆறு மாதம் மகன் வீடு. பேரன் பேத்திகளுக்கு அப்பத்தாவைவிட ஆயா அதிகம் பழக்கமாகிவிடுகிறார். ஒரே பெண் உள்ள வீட்டில் மாப்பிள்ளையே வயதான மாமனார் மாமியாரைப் பார்த்துக்கொள்கிறார். விலாசம் ஆண் வழியில் எழுதப்பட்டாலும், அன்றாடக் குடும்பம் பெண் வழியில் சாய்ந்திருக்கிறது.

ஊரில் எஞ்சியிருப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐம்பது தூண் உள்ள வீட்டில் ஒரே ஓர் ஆச்சி, துணைக்கு ஒரு வேலைக்காரப் பெண், வாசலில் ஒரு காவல்காரர். முகப்புக்குப் பக்கத்தில் ஓர் அறையில் டிவியும் பிரிட்ஜும் வைத்துக்கொண்டு, மீதி வீட்டை வாரம் ஒரு முறை பெருக்கவிடுவார். இரவில் கீழே விழுந்தால் யாரும் அறிய மாட்டார்கள். இது என்னை மிகவும் கவலைப்படுத்துகிற விஷயம். பிள்ளைகள் அழைக்காமல் இல்லை. அடுக்குமாடி வீட்டுக்குள் அடைந்து கிடக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. ஊர்ப் பிள்ளைகள் சிலர் சேர்ந்து தனியாக இருக்கும் ஆச்சிமாருக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்து, தினம் ஒரு முறை பார்த்துவிட்டு வர ஏற்பாடு செய்தால், வீட்டைப் புதுப்பிப்பதைவிட அதைப் பெரிய காரியம் என்பேன்.

வீடு ஏன் விற்காமலும் வாழாமலும் நிற்கிறது என்றால், அது வெறும் கணக்கு. 1910இல் வீடு கட்டியவருக்கு மூன்று மகன்கள் என்று வையுங்கள். தலைக்கு மூன்று மகன்கள் என்றால் பேரன்கள் 9, அடுத்த தலைமுறையில் 27. இன்று பெண்களையும் சேர்த்தால் பங்குதாரர்கள் ஐம்பதைத் தாண்டும். ஐந்து நாட்டில் இருக்கிற ஐம்பது பேர் கையெழுத்துப் போட்டால்தான் விற்க முடியும். விற்கவும் மனமில்லை, ஓடு மாற்றப் பணம் போடவும் ஆளில்லை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் வளவுத் தூணில் ஓர் அட்டை தொங்குகிறது. எந்த வருஷம் எந்தப் பங்காளி முறை, காவல்காரர் சம்பளம் யார் கொடுப்பது, வெள்ளையடிப்பது யார் என்று எழுதியிருக்கிறது. அறைக் கதவுகளில் பூட்டுக்கு மேலே அவரவர் விலாச எழுத்து பெயின்டில். உள்ளே பாட்டி காலத்துப் பித்தளையும் பீங்கானும் அப்படியே இருக்கின்றன. அந்த வீட்டில் மழைநீர் ஒழுகவில்லை, ஏனென்றால் அந்த அட்டையை எல்லாரும் மதிக்கிறார்கள். அப்படி ஏற்பாடு இல்லாத வீடுகள்தான் இடிந்து, நிலையும் கதவும் தேக்குத் தூணும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வருகின்றன. சில வீடுகள் விடுதிகளாகியிருக்கின்றன. அது தவறில்லை. தூண் தூணாகப் போவதற்கு அது எவ்வளவோ மேல்.

ஆனாலும் ஆள் கூடுவது நிற்கவில்லை. படைப்பு என்றால் ஒரே கொடிவழிப் பங்காளிகள் எங்கிருந்தாலும் வருகிறார்கள். முன்னோருக்குப் புதுச் சேலை வேட்டி வைத்துப் படைத்து, பந்தியில் உட்காருகிறார்கள். கல்யாணத்தை ஊரிலுள்ள சொந்த வீட்டில்தான் நடத்துவது என்று இன்றும் பலர் பிடிவாதமாக இருக்கிறார்கள். கோயில் மாலை வந்து, இசைகுடிமானம் (திருமண ஒப்பந்தம்) எழுதி, திருப்பூட்டி (தாலி கட்டி), மூன்று நாள் வீடு நிறைந்திருக்கும். திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாள் வருகிற பிள்ளையார் நோன்பில் 21 நூல் திரி போட்ட மாவிளக்கை எரியும் சுடரோடு வாயில் இட்டுக்கொள்கிற 'இழை எடுத்துக்கொள்வதை' இப்போது கோலாலம்பூரிலும் அமெரிக்காவிலும் பத்து இருபது குடும்பங்கள் சேர்ந்து செய்கின்றன. அங்கே பங்காளிகள் கிடைக்காததால் நகரத்தார் என்கிற உறவே போதுமானதாகிவிட்டது. வேறு சமூகத்தில் மணந்தவர்களுக்குப் பெரும்பாலும் கோயில் மாலை வருவதில்லை, புள்ளியில் சேர்ப்பதில்லை. அடுத்த தலைமுறைக்குள் இதில் ஒரு முடிவு எடுத்தே ஆக வேண்டும். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளை வெளியே நிறுத்திவிட்டுச் சமூகம் குறைகிறது என்று வருந்துவதில் பயனில்லை.

செட்டிநாடு என்றால் நகரத்தார் மட்டும் இல்லை. அந்த வீடுகளில் சமைத்தவர்கள், காவல் காத்தவர்கள், கொத்து வேலையும் மர வேலையும் செய்தவர்கள், வயல் பார்த்தவர்கள் எல்லாரும் சுற்றுவட்டாரத்து மற்றச் சமூகத்தார். வீடுகள் அடங்கியபோது அவர்கள் பிழைப்பும் அடங்கியது. அவர்கள் பிள்ளைகள் பலர் பின்னாளில் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் கூலி வேலைக்குப் போனார்கள். இரண்டு வருட விசாவில் கணவன் வெளிநாட்டில், மனைவி ஊரில், மாமியாரோடு வீட்டையும் வங்கிக் கணக்கையும் பார்த்துக்கொண்டு. ஒரு காலத்தில் வளவுக்குள் இருந்த குடும்ப அமைப்பு இன்று சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டக் கிராமத்து ஓட்டு வீடுகளில் இருக்கிறது. அந்தப் பெண்களைப் பற்றி யாரும் விரிவாக எழுதவில்லையே என்பது என் ஆதங்கம்.

கடைசியாக, உங்கள் பங்கு. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பெண் என்பதால் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அன்றைக்குக் கல்யாணமாகாத பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான உரிமை வந்தது. 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டம், கல்யாணமானவரா இல்லையா என்று பார்க்காமல் எல்லா மகள்களுக்கும் அதைக் கொடுத்தது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20க்கு முன் நடந்த விற்பனை, உயில், பதிவான அல்லது நீதிமன்றத் தீர்ப்பால் ஆன பாகப்பிரிவினை ஆகியவற்றைத் தொட முடியாது. எனவே முதலில் உங்கள் ஐயா காலத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம் இருக்கிறதா, அதில் வீட்டைப் பிரித்திருக்கிறார்களா, பொதுவில் விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பல வீடுகளில் கடை, நிலம் எல்லாம் பிரித்துவிட்டு வீட்டைப் பொதுவில் விட்டிருப்பார்கள். பத்திரத்தோடு ஒரு வக்கீலைப் பாருங்கள். அதற்கு முன் அப்பத்தாவிடம் உட்கார்ந்து, எந்த அறை யாருடையது, யார் எந்த ஊருக்குக் கொண்டுவிற்கப் போனார், யார் பிள்ளை கூட்டி வந்தவர் என்று கேட்டு எழுதி வையுங்கள். பத்திரத்தில் இல்லாத பாதி அவர் வாயில்தான் இருக்கிறது.